கதவு திறப்பதற்குள்

எங்கள் அம்மா லிஃப்ட் ஓட்டுகிறாள். இதிலென்ன பெரிய ஓட்டுதல் என்று சிரிப்பவர்கள் எட்டு மாடியையும் படியேறிப் பார்க்கட்டும். அந்தப் படிகளைத் துடைப்பது நான்தான். எத்தனை பேர் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பழைய லிஃப்ட். கம்பிக் கதவை இழுத்துச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினால் முனகிக்கொண்டே ஏறும். மூலையில் அம்மாவின் முக்காலி. முக்காலிக்கு அடியில் ஒரு செருப்புப் பெட்டி, அதற்குள் பெருக்கல் வாய்பாட்டு அட்டைகள். பிஸ்கட் பெட்டியை வெட்டி அவளே செய்தவை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. போன வருடம் ஐந்தாம் மாடிக் குழந்தை ஒன்று வாய்பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் அழுததாம். அன்றைக்குத் தொடங்கிய கூத்து இது.

மாடிக்கு ஒரு கேள்வி. அடுத்த மாடி வருவதற்குள் பதில் சொல்ல வேண்டும். தெரிந்ததாக மூன்று கேட்பாள், நடுவில் தெரியாததாக ஒன்றை நுழைப்பாள். சொல்லாவிட்டால் திட்டு கிடையாது. அதே அட்டை மறுநாளும் வரும், சொல்லும் வரை வரும். அதாவது, மக்காக இருப்பவர்களுக்குத்தான் அம்மா அதிகம் கிடைப்பாள்.

அழுத அந்தக் குழந்தைக்கு நான் வைத்த பெயர் சுண்டைக்காய். மூன்றாம் வகுப்பு. ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டால் ஏழு ஒன்றிலிருந்து விரல் மடக்குவாள். பாதி மடக்குவதற்குள் அவள் வீடு வந்துவிடும்.

"மேலேருந்து ஒப்பிக்காதடி தங்கம். நடுவுல கேட்டா நடுவுலேருந்தே வரணும். நாளைக்குப் பாக்கலாம், என்ன?" என்பாள் அம்மா.

தங்கமாம்! என்னை அவள் 'எருமை' என்பதைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அம்மாவுக்கு இரண்டு வேலை. பகலில் லிஃப்ட், சாயங்காலம் சலவைக்கூடம். அவள் வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். வாய்பாடு சொல்லத் தெரியாமல் நான் பெஞ்சு மேல் நின்றதெல்லாம் அவளுக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு கணக்கு என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. பதினாறு வயதில் கையில் துடைப்பம். யார் வீட்டுப் பெண்ணுக்கோ தங்கப் பட்டம். வயிறு எரியாதா?

ஒரு புதன்கிழமை அம்மா சாப்பிடப் போன நேரத்தில் செருப்புப் பெட்டியைத் திறந்தேன். ஏழு எட்டு அட்டையின் பின்னால் இருந்த 56ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 54 என்று எழுதிவைத்தேன். சுண்டைக்காய் பள்ளியில் சரியானதைக் கேட்டுக்கொண்டு வருவாள், "உங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்பாள், அம்மாவின் டீச்சர் வேஷம் கலையும். இதுதான் என் திட்டம்.

வியாழன் சாயங்காலம் சுண்டைக்காய் வந்தபோது வாளியோடு நானும் லிஃப்டில் ஏறினேன்.

"ஏழு எட்டு?"

"அம்பத்தி நாலு!" முதல் மாடி கூட வரவில்லை. விரலும் மடக்கவில்லை.

அம்மா சிரித்தாள். "பாத்தியா? காலையில ஒரு தடவதான் சொன்னேன், பிடிச்சுக்கிட்டா. நாளைக்கு கிளாஸ்ல பரீட்சையாம். ஒரு தப்பு வந்தாலும் பக்கத்து சீட்டு சிநேகிதிய விட்டுட்டுக் கடைசி வரிசைக்குப் போகணுமாம்."

"மொதல்ல வேற மாதிரி சொன்னீங்களே ஆன்ட்டி" என்றாள் சுண்டைக்காய்.

"அது நான் தப்பா எழுதிட்டேன்டா. அக்காதான் திருத்தி வெச்சிருக்கா. அந்த நாலப் பாரு, கால் உடைஞ்ச நாற்காலி மாதிரி. வேற யாரு எழுதுவா? நான் அஞ்சாவது, அவ எட்டாவது. அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

சுண்டைக்காய் என்னை அண்ணாந்து பார்த்தாள். என்னை நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அதையும் நான் எந்த லட்சணத்தில் செய்து வைத்திருக்கிறேன்!

லிஃப்ட் அப்போதுதான் முதல் மாடியைத் தொட்டது. கதவை இழுத்துத் திறந்தேன். "எறங்கு. கீழேருந்து படியேறிப் போலாம்."

"ஏய் எருமை, எதுக்குடி பிள்ளைய இழுக்கிற?"

"வேலையிருக்கும்மா."

எங்கள் மாடிப்படியில் ஒரு திருப்பத்துக்கு எட்டுப் படி. இரண்டு வருடமாகத் துடைக்கிறேன், முதுகுக்குத் தெரியும். கீழ்த்தளத்துக்கு இறங்கி, அங்கிருந்து ஏழு திருப்பம் ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவளைச் சொல்ல வைத்தேன். எட்டு, பதினாறு, இருபத்தி நாலு... மூன்றாம் மாடி தாண்டியதும் வருகிற ஜன்னலடியில் நின்றாள்.

"அம்பத்தாறு" என்றாள் மூச்சிரைக்க. "அப்போ அட்டை?"

"அட்டையில எழுதினவ ஒரு கழுதை. இந்த ஜன்னல நல்லாப் பாத்துக்க. நாளைக்குக் கேட்டா இதுதான் ஞாபகம் வரணும்."

மறுபடி கீழே ஓடினோம், மறுபடி ஏறினோம். நான்காவது தடவை ஏறும்போது, நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் லிஃப்டுக்குள் குதித்துக்கொண்டே வந்தாள். "சீட்டு மாறல ஆன்ட்டி! ஏழு எட்டு வந்துச்சு, ஜன்னல் ஞாபகம் வந்துச்சு!"

"ஜன்னலா?" என்றாள் அம்மா. சுண்டைக்காய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவளை ஐந்தாம் மாடியில் இறக்கிவிட்டு அம்மா கதவைச் சாத்தினாள். லிஃப்டைக் கிளப்பவில்லை.

"வேணும்னேதான் எழுதினியா?"

"ஆமா."

"ஏன்டி?"

"எங்கிட்ட நீ ஒருநாளாவது கேட்டிருக்கியா?" சண்டையாகத்தான் சொல்ல நினைத்தேன். கெஞ்சலாகத்தான் வந்தது.

அம்மா செருப்புப் பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்தாள். 54ஐ அடித்துவிட்டுத் திரும்ப 56 எழுதினாள். கைப்பிடியைத் திருப்பினாள். லிஃப்ட் முனகியது.

"ஏழு எட்டு?" என்றாள் என்னிடம்.

ஆறாம் மாடி போனது. ஏழாம் மாடியும் போனது. எட்டாம் மாடியில் கதவு திறந்தது. விடை எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

"சரி. நாளைக்குக் கேக்கறேன்" என்றாள் அம்மா.