ஒன்பது அங்குலம் ஏற இருந்த தெரு: வேலூரிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு நாள்

முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு எழுதவே வராது. பெரிய பேரன் தினேஷ் பெங்களூரில் ஆடிட்டர் பரீட்சையை மூன்றாவது தடவையில் பாஸ் செய்துவிட்டான். அவன் தங்கை மஸ்கட்டில் நர்ஸ். அங்கே போன வருஷம் நல்ல நர்ஸ் என்று அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கடைசிப் பேரன் கபடியில் மாவட்ட அணி. இளைய மகனின் பெண் நித்யா, ஊர்களுக்குத் திட்டம் போடுகிற படிப்பு படித்தவள். எங்கள் வேலூர் ஸ்மார்ட் சிட்டி ஆனபோது அவள் பள்ளிக்கூடத்துப் பெண். நடைபாதை போடுவதைத் தினமும் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் அதே வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இதையெல்லாம் போனில் ஒற்றை விரலால் தட்டி எழுதுகிறேன் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நித்யாவோடு காஞ்சிபுரம் போனேன். அது நான் பிறந்த ஊர். காஞ்சிபுரம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இல்லையாம். பழைய ஊர்களுக்கென்று மத்திய அரசு தனியாக வைத்த ஒரு திட்டத்தில் சில தெருக்களை எடுத்திருக்கிறார்கள். அதில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தாய்வீட்டுத் தெருவும் ஒன்று. அதை வரைந்தவள் நித்யா. அவள் தனியாக வரைந்த முதல் தெரு. காகிதத்தின் மூலையில் அவள் பெயர் போட்டிருக்கிறது.

அன்று பதினோரு மணிக்குத் தெரு ஜனங்களைக் கூட்டி வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். "ஆயா, நீ சொன்னதை வச்சுதான் வரைஞ்சிருக்கேன். நீ வந்தே ஆகணும்" என்று முந்தின நாளே வேலூருக்கு வந்துவிட்டாள்.

வேலூர் பஸ் நிலையத்தில் விடியற்காலை 4.10க்கு வண்டி. சுமார் எழுபது கிலோமீட்டர், ஆளுக்கு எழுபது ரூபாய். வாலாஜா தாண்டும்வரை தூங்கினேன். காவேரிப்பாக்கத்தில் டீக்கு நிறுத்தவில்லை. பிளாஸ்கில் கொண்டு போவது நல்லது. 6.05க்கு காஞ்சிபுரம். அங்கிருந்து பிள்ளையார்பாளையம் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார்.

"என்னா ஆயா, நம்ம ஊரு ஸ்மார்ட் சிட்டி ஆவப் போவுதாமே?"

"ஸ்மார்ட் சிட்டி இல்லண்ணா, இது வேற திட்டம்" என்றாள் நித்யா.

"எதுவா வேணா இருக்கட்டும்மா. தோண்டறவன் மூடிட்டுப் போனா அதுவே ஸ்மார்ட்டு."

நான் சிரித்துவிட்டேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாவு நீட்டியிருந்தார்கள்! தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை அறுபது அடிக்குத் தெருவில் நீட்டிக் கட்டி, அறுந்த இழையை முடிந்து சரிசெய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அன்று அரக்குச் சிவப்பு. என் சின்ன வயதில் ஒரே காலையில் நாலைந்து பாவு நிற்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நூலில் படாமல் குனிந்து குனிந்து போவோம். நூலுக்குப் போடுகிற அந்தக் கஞ்சி வாசனை அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரம் நான் அறுபத்தெட்டு வயதுக்காரி இல்லை.

நித்யாவுக்கு இதைத்தான் நான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். எங்கள் காலத்தில் சாணம் தெளித்த தெரு, தூசி இருக்காது. தார் போட்ட பிறகு கரித்தூசி பட்டில் ஒட்டுகிறது என்றும் சொல்லியிருந்தேன். அதனால்தான் அவள் தெரு முழுக்கக் கல் பதிக்கிற மாதிரி வரைந்திருந்தாள். விளக்குக் கம்பம், மரம் எல்லாம் ஒரே ஓரமாக. பாவுக்கு வழி விட்டு. எந்த ஊர்த் திட்டத்தில் பாவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்!

6.40க்குத் தாய்வீட்டு வாசலுக்குப் போனேன். இப்போது அங்கே இருப்பது என் அண்ணன் மருமகள் சுகுணாவும் அவள் புருஷனும். என் கால் தானாக மேலே தூக்கிக்கொண்டது, படி ஏறுவதற்கு. படி இல்லை. வீடு கீழே இருந்தது. "பாத்து அத்தே, பள்ளம்" என்று சுகுணா கையைப் பிடித்தாள்.

நாலு படி ஏறிப் போன வீட்டுக்குள் நான் இப்போது ஒரு படி இறங்கிப் போனேன். ஐம்பது வருஷமாகத் தார் மேல் தார் போட்டு ரோடு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. படிகள் நாலும் அடியில் இருக்கின்றன. வாசலுக்கு உள்பக்கம், தண்ணீரைத் தடுக்கச் செங்கல்லால் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டியிருந்தாள் சுகுணா.

எங்கள் வீட்டில் குழித்தறி. தரையில் குழி வெட்டி அதில் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்வது. எட்டிப் பார்த்தேன். குழிச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அடியில் சாக்குப் பை.

"மழ வந்தா தண்ணி நேரா இங்கதான் வருதா?"

"வேற எங்க போவும்? போன மழைக்கு மூணு நாளு வாளியில மொண்டுக்கினு இருந்தேன். தறியில இருந்த பொடவ கரை பூரா கறை. முதலாளி எடுத்துக்கல."

நித்யா குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து வரைபடத்தை எடுத்தாள். தெரு இருந்தது, கல் இருந்தது, பாவுகூட ஒரு சிவப்புக் கோடாக இருந்தது. வீடுகள் வெறும் கட்டம் கட்டமாக இருந்தன.

"ரோட்ல இருந்துதான் அளந்தோம் ஆயா. எந்த வீட்டுக்குள்ளயும் போகல."

"கல்லு போட்டா எவ்ளோ ஏறும்?"

"இருக்கற தார் மேலதான் போடறோம். ஒன்பது அங்குலம்."

நான் தறிக்காரன் மகள். அந்தக் குழியில் என் அப்பாவின் காலைப் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் பேத்தியிடம் பாவைச் சொன்னேன், குழியைச் சொல்லவே இல்லை. பார்க்க அழகாக இருந்ததை மட்டும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு நல்ல இட்லி வாங்கி வந்தார்கள், எனக்கு இறங்கவில்லை. நித்யா வீடு வீடாக அளவு நாடாவோடு போனாள்.

தெருமுனை மண்டபத்தில் கூட்டம். நாற்பது பேர் இருக்கலாம். நித்யாவின் மேலதிகாரி நல்ல மாதிரியான மனிதர்தான், ஆனால் அவசரத்தில் இருந்தார். அவள் காதருகில் விஷயத்தைச் சொன்னதும், "திருத்தம் அப்புறம் பாத்துக்கலாம்மா. இன்னிக்குக் கையெழுத்து போகலன்னா இந்தத் தெருவே லிஸ்ட்ல இருந்து போயிடும்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை, பொய் சொல்ல மாட்டேன்: பிள்ளையின் முதல் வரைபடம், பாஸ் ஆகிவிடட்டுமே என்று.

காகிதம் சுற்றி வந்தது. சுகுணா பேனாவை வாங்கினாள்.

"என்னா சுகுணா, படிக்காம போடற?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"நம்ம பொண்ணு வரைஞ்சது மாமா. தண்ணி வந்தா மொண்டுக்கறேன், வுடு."

நித்யா எழுந்து வந்து சுகுணாவின் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டாள். "அத்தை, நீங்க போடாதீங்க. இது தப்பு" என்றாள். பிறகு எல்லாரையும் பார்த்து, "வீட்டுக்குள்ள இறங்கிப் போறவங்க கை தூக்குங்க" என்றாள். பாதிக்கு மேல் கை எழுந்தது. நான் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து, தார்த் தூசி என்று சொல்லிக் கல் கேட்டவள் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

பெரியவர் விடுவாரா? "ஊர வுட்டுப் போயி அம்பது வருசம் ஆவுது. உன் ஞாபகத்துல இங்க ரோடு போடறாங்களா? கல்லு நீயே வேலூருக்கு எடுத்துக்கினு போம்மா, எங்களுக்குப் படியக் குடு."

எல்லாரும் சிரித்தார்கள். மேலதிகாரியும். கடைசியில் அந்தக் காகிதத்தின் அடியிலேயே நித்யா கையால் எழுதினாள்: பழைய தாரைத் தோண்டி எடுத்து, தெருவோரக் கால்வாயின் ஆழம் இடம் கொடுக்கிற அளவுக்குத் தெருவைக் கீழே இறக்கினால்தான் சம்மதம். அதற்குக் கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மேலே ஒத்துக்கொள்வார்களா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அதிகாரி. நித்யாவிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். மஸ்கட் பேத்தி கேடயம் வாங்கியதைவிட எனக்கு அன்றுதான் பெருமை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பாவு பார்க்க வேண்டுமென்றால் ஆறரை மணிக்குள் தெருவில் இருங்கள். தினமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. நூலைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். கோயில்கள் மதியம் சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். மழை மாதத்தில் போனால், ரோட்டை மட்டும் பார்க்காமல் வாசலையும் பாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் பத்து அடி நீளத்துக்குத் தோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், சுகுணா வாசலில். நேற்று அவள் போன் செய்தாள்: "அத்தே, ஒரு படி வந்துடுச்சி! கருங்கல்லு, தேயவே இல்ல."

சுகுணா, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நித்யா பழைய வரைபடத்தின் படத்தை இந்தப் பதிவில் போட்டிருக்கிறாள், அது வேண்டாம். புதுப் போட்டோ ஒன்று எடுத்துக் கீழே கமெண்டில் போடு. படியில் உன் காலை வைத்துக்கொண்டு எடு. அப்போதுதான் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.