கிளிசரினில் மறைந்த கண்ணாடி

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் மருந்து கலக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் மாதம் அது. கொழுந்து பறிக்கும் செல்லம்மாவின் கைக்குழந்தைக்கு வாய்ப்புண். கிளிசரின் மருந்தைக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

குச்சியைக் கழுவும்போதுதான் அதன் முனை உடைந்திருப்பதைக் கண்டேன். மேசை, தரை, தட்டு என்று வரிசையாகத் தேடினேன். எங்கும் இல்லை. அப்போதுதான், பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. தண்ணீரிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளி வளைவதால்தான் கண்ணாடியின் விளிம்பு நமக்குத் தெரிகிறது. கிளிசரினிலிருந்து நுழையும் ஒளி ஏறக்குறைய வளைவதே இல்லை. உள்ளே கண்ணாடி கிடந்தாலும் தெரியாது.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். செல்லம்மாவின் விரல் குழந்தையின் வாயருகே இருந்தது.

“நிறுத்துங்க! தடவிட்டீங்களா?”

“ஒருவாட்டி தடவிட்டேன் மிஸ்ஸி. ஏன், பேயைக் கண்ட மாதிரி ஓடியாறீங்க?”

குழந்தையின் வாயைப் பார்த்தேன். கீறல் இல்லை. மருந்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊற்றிக் கரைத்தேன். அடியில் நெல்மணியளவு கண்ணாடித் துண்டு மெல்லத் தெரிந்தது.

என் தவறுதான் என்று சொன்னேன்.

“படிச்ச உங்க கண்ணுக்கே தெரியலைன்னா, எங்க கண்ணுக்கு எப்படிங்க தெரியும்?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். இப்போதெல்லாம் தெளிவாகத் தெரியும் மருந்தைத்தான் நான் இரண்டு முறை வடிகட்டுகிறேன்.