சவிட்டியின் மேல் இரண்டு கால்

நம் ஊரில் பிரேக்கைப் பிடிப்போம். இங்கே சவிட்டுகிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் ‘மிதி’ என்றால் ஓட்டுகிறவன் வேகத்தைக் கூட்டுவான். ‘என்னா மிதி மிதிக்கான்’ என்று மெச்சுவதும் வைவதும் அதைத்தான். திருவனந்தபுரத்தில் பக்கத்து சீட்டிலிருந்து ‘சவிட்டு’ என்று குரல் வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். காலால் அழுத்துவது என்கிற ஒரே காரியம் மலைக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறது, அந்தப் பக்கம் பறக்கச் சொல்கிறது. பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன். மீன்காரியிடம் பேரம், ரேஷன் கடையில் சண்டை எல்லாம் மலையாளத்தில்தான். இருந்தும் அவசரத்தில் ஒரு சொல் காதில் விழுந்தால் அது முதலில் கோவில்பட்டிக்குப் போய்விட்டுத்தான் காலுக்கு இறங்குகிறது. அந்தப் போக்குவரத்தின் நடுவில் என் கணவரின் கழுத்து இருந்தது.

மோகனன் இந்த ஊர்க்காரர். ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு மேனேஜராகக் கோவில்பட்டிக்கு வந்து, ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த என்னைக் கட்டிக்கொண்டு, பிறகு தன் அம்மாவைப் பார்க்க ஆளில்லை என்று இங்கே கூட்டிவந்தவர். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது, நான் திரும்பவில்லை. வலியசாலையில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில் இரண்டு குக்கர். ஒன்றில் அவருக்கு மட்டை அரிசி, சிவப்பாக, குண்டு குண்டாக. மற்றதில் எனக்குப் பொன்னி. இரண்டும் ஒருநாளும் சேர்ந்து விசிலடித்ததில்லை. நல்ல நாளில் என்னை ‘முத்தே’ என்பார். மலையாளத்தில் அது கொஞ்சல், தமிழில் என் பெயரில் பாதி. கோபம் வந்தால் ‘முத்துலட்சுமி’ என்று முழுசாக வரும். கழுத்தெலும்பில் திருகாணி வைத்து ஆப்பரேஷன் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து முழுப் பெயர்தான் வீட்டில் புழங்குகிறது.

பதினாறு வருடமும் அவர் ஓட்டினார், நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். லைசென்ஸ் நான் கோவில்பட்டியிலேயே எடுத்ததுதான். கம்பெனியின் பழைய வேனில் பழகியது. இந்த ஊர் ஏற்றமெல்லாம் உனக்கு ஆகாது என்று வந்த முதல் மாதமே அவர் தீர்ப்புச் சொன்னார். லைசென்ஸ் பீரோவில் சேலைக்கு அடியில் போயிற்று. இப்போது கழுத்தில் காலர், தலை திரும்பாது, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி. ஆப்பரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆசையாக வாங்கிய ஆட்டோமேட்டிக் காரின் சாவி, வேறு வழியில்லாமல் என் கைப்பைக்கு வந்தது. முதல் வாரம் அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, தெரபி முடிவதற்குள் சங்குமுகம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த நகரத்தில் ஒருவரிடமும் கேட்காமல், ஒருவரும் கொண்டுபோய் விடாமல் நான் போன முதல் இடம் அது. கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தச் சாவியை யாராவது என் கையிலிருந்து வாங்கினால் விரலையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது.

கரிசல் காட்டில் நிறுத்திய வண்டி நிற்கும். மேடு என்று நாங்கள் சொன்னது ரயில்வே கேட்டில் தண்டவாளம் முதுகு காட்டும் இடத்தை மட்டும்தான். இங்கே ஊரே சாய்ந்து கிடக்கிறது. குன்னுக்குழி என்று ஓர் இடத்துக்கே பெயர் வைத்து, குன்றும் உண்டு குழியும் உண்டு, உன் பாடு என்று கையைக் கழுவிவிட்டார்கள். எதை நிறுத்தினாலும் பின்னால் போகப் பார்க்கிறது, என்னையும் சேர்த்து. இதற்காகத்தான் காரில் கியருக்குப் பக்கத்தில் ஆட்டோ ஹோல்டு என்று ஒரு பொத்தான். அமுக்கினால் மீட்டரில் வெள்ளை எழுத்து வரும். வண்டி முழுசாக நின்றபின் பிரேக்கை இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்தினால் எழுத்து பச்சையாகும். பிறகு காலை எடுத்துவிடலாம், வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். கிளம்ப நினைத்து ஆக்சிலரேட்டரைத் தொட்டால் பிடி விடும். படிக்க இவ்வளவுதான். ஓட்டும்போதோ, பிடி விடுவதற்குள் கால் முந்திக்கொள்ளும். எஞ்சின் முன்னால் இழுக்கும், பிரேக் விடமாட்டேன் என்னும், இரண்டும் பிரிகிற நொடியில் வண்டி ஒரு வெட்டு வெட்டும். மற்றவர் கழுத்துக்கு அது ஒன்றுமே இல்லை. மோகனன் ஒவ்வொரு வெட்டுக்கும் பல்லைக் கடிப்பார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முன்னால் நடந்தது இது. எந்நேரமும் தேங்காய் உடைபடுகிற இடம். பஸ்கள் ஒன்றன் முதுகில் ஒன்று மூக்கை வைத்து நகரும். முன்னால் ஒரு பஸ் நின்றது, நானும் நிறுத்தினேன். ஆழமாக அழுத்தவில்லை போல. எழுத்து வெள்ளையிலேயே இருந்தது. பச்சை என்று நம்பிக் காலைத் தளர்த்திவிட்டேன். பிரேக் தளர்ந்தாலே தானாக நகர்கிற ஆட்டோமேட்டிக், பூனை மாதிரி பஸ்ஸை நோக்கி ஊர்ந்தது. மோகனன் ‘சவிட்டு முத்துலட்சுமி, சவிட்டு’ என்றார். அந்தச் சொல் கோவில்பட்டிக்குப் போயிற்று, மிதி என்று ஆயிற்று, திரும்பி வந்து என் வலது காலில் இறங்கியது. கார் துள்ளியது. அடுத்த நொடியே பிரேக்கைக் குத்தினேன். பஸ்ஸில் இடிக்கவில்லை. குறுக்கே சாக்கோடு போன ஒருவர் பதறி ஒதுங்கியதில் சாக்கு விழுந்து தேங்காய் மூடிகள் தார்ச்சாலையில் உருண்டன. மோகனன் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்திருந்தார்.

கண்ணாடியை இறக்கி, மன்னிச்சிருங்கண்ணே, தெரியாம ஆயிப்போச்சு என்றேன். வாயில் வந்தது தமிழ். சாக்குக்காரர் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

“பாண்டியாணல்லே? வண்டியெயும் தமிழ் படிப்பிச்சோ சாரே?”

பாண்டி என்பது இங்கே நம்மைக் குறிக்கிற சொல். மதுரையை ஆண்டவர்கள் மேல் உள்ள மரியாதையில் ஒரு சொட்டும் அதில் கிடையாது. அதைப் பதினாறு வருடமாகக் கேட்கிறேன், தோல் தடித்துவிட்டது. தடிக்காத இடம் ஒன்று இருந்தது. அங்கேதான் பட்டது. கழுத்தைப் பிடித்திருந்த என் கணவர், வலியோடு வலியாக, சிரித்தார்.

“வண்டி படிச்சில்லா. அதாணு பிரஷ்னம்.”

வண்டி இன்னும் தமிழ் படிக்கவில்லையாம், அதுதான் பிரச்சினையாம். இருவரும் சிரித்தார்கள். பார்த்து ஒரு நிமிடம்கூட ஆகாத இரண்டு பேர், ஒரு மொழிக்குள் நின்றுகொண்டு, வெளியே நின்ற ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் இறங்கித் தேங்காய் மூடிகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். பின்னாலிருந்து ஹாரன்கள் என் முதுகில் வந்து விழுந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவர் தீர்ப்பை வாசித்தார். என்னோடு பேசுகிற தமிழில்தான். கோவில்பட்டியில் கற்று இங்கே வந்து கலங்கிய தமிழ். “சனியாழ்ச்ச வரைக்கும் நோக்கும். பின்னெயும் ஒரு வெட்டு வெட்டிச்சுன்னா, திங்கள்ல இருந்து சேச்சியோட டிரைவர் வரும். சாவி அவன்கிட்ட கொடுத்தா மதி.” மதி என்றால் போதும், சேச்சி என்பது அவருடைய அக்கா. என்னை இங்கே கூட்டிவந்த அன்றே, இவள் எத்தனை நாளைக்கு என்று வாசலில் வைத்துக் கேட்டவர். நான் இரண்டு குக்கரையும் அடுப்பில் வைத்தேன்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையின் தூக்கத்தில் அவர் கிடக்கும் நேரத்தில் வண்டியை எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் சரிவான ஒரு தெரு உண்டு, அந்நேரம் வெயில் மட்டும்தான் அதில் நடக்கும். இடது சீட்டில் அவருக்குப் பதிலாக மட்டை அரிசிச் சாக்கை நிறுத்தினேன். பெல்ட் போடவில்லை என்று கார் கத்தியது. சாக்குக்கு பெல்ட் மாட்டினேன். வாய் கட்டியிருந்த இடம் கழுத்து மாதிரியே இருந்ததால் அவருடைய மாற்றுக் காலரை எடுத்துவந்து சுற்றினேன். ஒட்டிப் பிரிக்கிற பட்டை கச்சிதமாகப் பொருந்தியது. சரிவின் பாதியில் நிறுத்தி, கிளம்பி, நிறுத்தி, கிளம்பி, ஒவ்வொரு முறையும் சாக்கின் தலையைப் பார்த்தேன். ஆட்டிக்கொண்டே இருந்தது. என்ன, உங்களுக்கும் சிரிப்பா வருதோ என்று கேட்டேன். பதினாறு வருடத்தில் அவரிடம் கேட்காததை எல்லாம் அந்த மூன்று மதியமும் அந்தச் சாக்கிடம் கேட்டேன்.

வாசலிலிருந்து நான் கிளம்பியதை எதிர்வீட்டு மாமி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். அக்ரஹாரத்துப் பழைய தமிழ் அவருடையது. தலைமுறை தலைமுறையாக இங்கே காய்ச்சிக் காய்ச்சி வடிகட்டியது. “ஆத்துக்காரரைத் தூங்கப்பண்ணிட்டு அரிசிக்கா பெல்ட் போட்டு அழைச்சிண்டு போறேள்?” என்றார். வண்டி பழகுதேன் மாமி என்றேன். நீங்க பேசறது சுத்தப் பாண்டித் தமிழ், பாதி புரியலே என்று ஜன்னலைச் சாத்தினார். மலையாளத்தில் பாண்டி, தமிழிலும் பாண்டி. மிச்சமிருந்தது கார் ஒன்றுதான். அதனிடம் எனக்கு ஒரு மொழி தேவைப்பட்டது.

பழைய வேனில் பாதி கிளட்ச் என்று ஒன்று உண்டு. போகலாமா, இருப்போமா என்று இடது கால் வண்டியோடு பேசிக்கொண்டே இருக்கும். இதில் பேச்சே கிடையாது. பிடித்திருக்கும் அல்லது விட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் அரை மூச்சு இடைவெளி இருப்பதை மூன்றாம் மதியம் கண்டுபிடித்தேன். ஆக்சிலரேட்டரை அழுத்தக் கூடாது, பாதத்தின் கனத்தை மட்டும் அதன்மேல் வைக்க வேண்டும். பச்சை போய் வெள்ளை வருகிறவரை அப்படியே இருக்க வேண்டும். வெள்ளை வந்தபிறகு கனத்தைக் கூட்ட வேண்டும். நிற்கும்போதும் அதே மாதிரி: நிற்கப்போகிற கடைசி நொடியில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, நின்றபின் ஆழமாக அழுத்தி, பச்சை வந்ததை என் கண்ணால் பார்த்தபிறகே காலை எடுப்பது. எறும்பு வரிசையாக நகர்கிற இடத்தில் பொத்தானையே அணைத்துவிடுவது. அங்கே ஹோல்டு பகை. அத்தனை நாளும் என் கால்தான் வண்டியை நிறுத்திவைத்திருப்பதாக நினைத்து விறைத்துக்கொண்டிருந்தேன். காலை எடுத்தேன். சாக்கின் தலை ஆடவில்லை.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. கனத்த காலர் வேர்க்கிறதென்று மோகனன் மாற்றுக் காலரைப் போட்டுக்கொண்டார். சாக்குக்குச் சுற்றிய அதே காலர். பழவங்காடியில் பொத்தானை அணைத்து, பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து தாண்டினேன். குன்னுக்குழி ஏற்றத்தில் வரிசை நின்றது. பொத்தானை அமுக்கினேன். கார் மூக்கை வானத்துக்குத் தூக்கி நின்றது. கண்ணாடியில் ஒரு பஸ்ஸின் முகம் எங்கள் முதுகை முகர்ந்தது. பழக்கம் விடுமா, அவர் சொன்னார்:

“சவிட்டு.”

“சவிட்ட ஒண்ணுமில்ல. ரெண்டு காலும் கீழ கெடக்கு, பாருங்க.”

கழுத்து திரும்பாதவர் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்க்க முடியும். திருப்பிப் பார்த்தார். காலடியில் கிடக்கும் கால்மிதிக்கு இந்த ஊரில் சவிட்டி என்று பெயர். அதன்மேல் என் இரண்டு பாதமும் செருப்பில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நாங்கள் இருந்த சாய்வுக்கு, பஸ்ஸின்மேல் போய் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்வண்டி நகர்ந்தது. கனத்தை வைத்தேன், வெள்ளை வந்தது, கூட்டினேன். கிளம்பிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது ஜன்னலில் ஒரு மதில்சுவர் ஓடத் தொடங்கியபோதுதான். பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கவில்லை. நன்றாக ஓட்டினாய் என்ற சத்தமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது அக்கா போன் செய்தார். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு டிரைவரை அனுப்ப வேண்டும் என்று ஸ்பீக்கரில் கார் முழுக்கக் கேட்டது. மோகனன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“டிரைவர் வேண்டா சேச்சி. இவிடெ ஒராளுண்டு.”

மலையாளத்தில் அதற்கு, இங்கே ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். கோவில்பட்டியில் ஆள் என்றால் கூலிக்கு வருகிறவர். இந்தச் சொல்லும் அங்கே போய்விட்டுத்தான் என்னிடம் வந்தது. எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. சாவி என் கையில் இருந்தது. பெயர் வரவில்லை, பாதியும் வரவில்லை, முழுசும் வரவில்லை.

தெரபி முடிந்து வந்தவர் விரலிடுக்கில் எதையோ பிடித்துக்கொண்டு ஏறினார். காலர் பட்டையில் ஒட்டியிருந்ததாம், தெரபி செய்கிற பெண் எடுத்துக் கொடுத்தாளாம். ஒரு சிவந்த அரிசி. இது எங்கிருந்து வந்தது என்றார். உங்க அரிசிதான் என்றேன். எங்கே போடுவது என்று தெரியாமல், ஹோல்டு பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழிவில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் காலை எடுத்தபிறகு ஒரு பார்வை பார்க்கிறேன். உருண்டதில்லை. மட்டை அரிசி அவித்துக் காயவைத்த அரிசி. இந்த ஊர் மழை அவ்வளவையும் அதன்மேல் ஊற்றினாலும் முளைக்காது.