கூடைக்கு அடியில் யார் பெரியவர்?

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் காபித் தட்டோடு வெளியே வருவதற்குள் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். காரணம் கூடைப்பந்து.

அப்பா பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். கல்லூரி நாட்களில் பவர் ஃபார்வர்டாக ஆடியவர். கூடைக்கு அடியில் மல்லுக்கட்டி நின்று, எதிராளியை இடித்துத் தள்ளிப் பந்தைப் பிடுங்குகிற வேலை. அமெரிக்காவில் அந்த வேலையைப் பார்த்தவர்களில் யார் பெரியவர், யார் அடுத்தவர் என்று மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தார். விடிகாலையில் கேபிள் டிவியில் ஆட்டம் ஓடும்போது எனக்கு அதை ஒப்பிப்பார். முதலிடம், அவர் இளவயதில் வீடியோ கேசட்டில் பார்த்த ஒரு பழைய வீரருக்கு. நான் மூன்றாம் வகுப்பு. ரகசியமாக எதிர்க்கட்சி, என் ஓட்டு அப்போது ஆடிக்கொண்டிருந்தவருக்கு.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்ததும் சுவரிலிருந்த அணிப் படத்தைப் பார்த்து, "நீங்க பேஸ்கட்பால் ஆடுவீங்களா?" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. முதலிடம் யாருக்கு என்ற பேச்சு வந்ததும் சுருங்கியது.

"ஒரு கோப்பைகூட வாங்காதவரை எப்படிங்க முதல்ல வெக்கறது?"

"அவரு காலத்துல இடிச்சா இடிதானுங்க. இப்பத் தொட்டாலே விசில் ஊதறாங்க. இதுல கோப்பை வாங்கறது பெரிய காரியமுங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா கலவரத்தோடு என் அம்மாவின் காதைக் கடித்தார். "ஏனுங்க, இந்த முதல்ல வெக்கறவீங்க, அடுத்து வெக்கறவீங்கெல்லாம் முன்னால பொண்ணு பாத்துட்டுப் போனவீங்களா?"

அம்மா பதில் சொல்வதற்குள் அப்பா எழுந்தார். "வாங்க, எப்படி இடிப்பாருன்னு காட்டறேன்." முதுகைத் திருப்பி இடுப்பால் ஓர் இடி. ஒல்லியான மாப்பிள்ளை பின்னால் போய்க் கேசரித் தட்டின்மேல் உட்கார்ந்தார்.

"சகுனம் சரியில்லீங்க" என்று அவருடைய அப்பா எழுந்துகொண்டார். வண்டி கிளம்பிப் போயிற்று.

அத்தை ஆறிப்போன காபியோடு நின்றாள். "பந்தைப் பத்திப் பேசியாச்சு. என்னையப் பத்தி எப்பங்ணா பேசுவீங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும், "அந்தப் பையன் காலை ஊனி நின்னிருக்கோணும்" என்று முனகினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மட்டும் பைக்கில் வந்தார். கையில் பழைய ஆட்டங்களின் சிடி. "விட்ட எடத்துலயிருந்து பேசலாமுங்களா?" அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்பா எதைச் சொன்னாலும் அவரிடம் பதில் இருந்தது. அத்தை கேட்காமலே காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

ஒருநாள் அப்பா பதில் கிடைக்காமல் திணறினார். நாங்கள் ஜெயித்தேவிட்டோம். மாப்பிள்ளை நிலைப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"யோசிச்சுப் பாத்தேனுங்க. நீங்க சொல்றதுதான் சரி. உங்க ஆளுதான் முதல்ல."

"மாப்பிள்ளைக்குப் பலகாரம் எடுத்துட்டு வா!" என்று அப்பா உள்ளே பார்த்துக் கத்தினார். சகுனம் சரியில்லை என்ற தன் வீட்டாரை மாப்பிள்ளையே பேசிச் சரிக்கட்டினார். கல்யாணம் நிச்சயமானது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயிக்கிற நேரத்தில் காலை வாரிய அந்த மனிதரோடு கல்யாண மண்டபத்தில்கூட நான் பேசவில்லை. இத்தனை சுலபமாகத் தோற்றுப்போகிற ஆளைக் கட்டிக்கொண்டு அத்தை எதற்காக அப்படிச் சிரித்தபடி நிற்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.