நகராத சீட்டு

இல்லை, ஓட்டியது பெரியப்பா இல்லை. இன்று மத்தியானம்தான் தெரிந்தது.

அதியமான்கோட்டையில் எங்கள் கொட்டகையில் நிற்கும் ஃபியட், ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நேர்கோட்டுப் பந்தயம் ஓடிய வண்டி. பின்சீட் கிடையாது. பானெட்டில் பெரிய ஓட்டை. ஓட்டியவர் யாரென்று உறுதியாகச் சொன்னால் பழைய பந்தய வண்டிகளின் கண்காட்சியில் இடம் தருவார்கள். இல்லையென்றால் அப்பா காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார்.

"நான்தான் ஓட்டி ஜெயிச்சேன்" என்று பெரியப்பா எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். படமெடுக்க அவரை உள்ளே உட்காரவைத்தேன். ஆறடி மனிதர், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளினேன். அசையவில்லை.

பொம்மிடியிலிருந்து வந்திருந்த மேரி அத்தை காபியோடு எட்டிப் பார்த்தார்.

"தள்ளாத கண்ணு, நகராது. கெளம்புறப்ப சீட்டு பின்னால ஓடுதுன்னு நான்தான் வெல்டிங் வெக்கச் சொன்னேன்."

பெரியப்பா மெதுவாக இறங்கினார்.

"கல்யாணமாகாத புள்ள வண்டி ஓட்டுதுன்னு ஊர்ல பேசுவாங்கன்னு உங்க தாத்தாதான் என் பேரக் குடுக்கச் சொன்னாரு. ஹெல்மெட் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் என்னிடம்.

"அது அப்பங்க, அண்ணா. எனக்குக் கல்யாணமாகிப் பேரனே வந்துட்டான். இன்னும் எதுக்கு நீங்களே ஜெயிச்சிட்டிருக்கீங்க?"

"சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாப் போச்சு" என்று சிரித்துவிட்டார் பெரியப்பா.

அத்தை ஏறி உட்கார்ந்தார். கால்கள் பெடலில் சரியாகப் பதிந்தன.

உங்கள் வீட்டிலும் மாமாவோ சித்தப்பாவோ ஓட்டியதாகச் சொல்லும் வண்டி நிற்கிறதா? ஒருமுறை அவரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கண்காட்சிக்கு அத்தையின் பெயரை அனுப்பினேன். பிறகு வண்டிக்குப் பேட்டரி வாங்கத் தருமபுரிக்குப் பஸ் ஏறினேன்.