கடலைக் கொல்லைக்குள் வந்த நாலு சக்கரம்

ஆலங்குடிப் பக்கம் எங்கள் கடலைக் கொல்லையை ஒட்டியிருந்த முந்திரித் தோப்பை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் இடமாக்கினார். போன வருடம் அங்கே நாலு சக்கர பைக்குகள் வந்து இறங்கின. தடித்த டயர், டிராக்டருக்கு இருப்பதுபோல் முரட்டுப் பட்டை. ஏ.டி.வி., அதாவது 'ஆல் டெரைன் வெஹிக்கிள்' என்றார்கள்.

அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இளைஞர், வருகிறவர்களை நிறுத்திவைத்து வண்டியின் கதையைச் சத்தமாகச் சொல்வார். களை வெட்டிக்கொண்டே நானும் கேட்டிருக்கிறேன். முதலில் மூன்று சக்கரத்தில்தான் வந்ததாம். திருப்பத்தில் கவிழ்ந்து பலருக்கு அடிபட்டதால் வெளிநாட்டில் அதை விற்பதையே நிறுத்திவிட்டார்களாம். நிலைத்தது நாலு சக்கரம்தானாம். விளையாட்டுக்கு வந்த வண்டியை விவசாயிகள் வாங்கித் தீவனம் ஏற்ற வைத்துக்கொண்டார்களாம். "ஆல் டெரைன்னா எல்லா நிலத்துலயும் ஓடும்னு அர்த்தம்" என்று முடிப்பார். கைதட்டல் கேட்கும்.

ஆவணியில் கடலை பூத்து விழுது இறங்கியது. பூவின் அடியிலிருந்து வரும் அந்தக் காம்பு மண்ணுக்குள் போனால்தான் காய் பிடிக்கும். அந்த நாட்களில் நாங்கள் கொல்லைக்குள் கால் வைப்பதில்லை. ஆடு நுழைந்தால்கூட வரப்பில் நின்றே விரட்டுவோம்.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், கொல்லையின் குறுக்கே அகலமாக டயர்த்தடம். செடிகள் மண்ணோடு அரைபட்டுக் கிடந்தன. நேரே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் வெளி ஆட்களிடம் பேச எனக்கு நா எழாது. வீட்டில் வந்து கத்தினேன்.

"எங்கிட்ட கத்தி என்ன செய்ய? அங்கிட்டுப் போயிக் கேளுங்க. வாயில கொழுக்கட்டையா இருக்கு?" என்றாள் மனைவி.

போனேன். அந்த இளைஞர் சிரித்தார். "வழி தவறி வந்துட்டாங்கண்ணே. செடிதானே மிதிபட்டிருக்கு, காயே இன்னும் வைக்கலையே!"

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டியின் சீட்டைத் தட்டி, "கோவிச்சுக்காதீங்க. ஏறுங்க, ஒரு ரவுண்டு ஃப்ரீயா கூட்டிட்டுப் போறேன்" என்றார். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் காட்டுவதுபோல. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் வண்டிகள் மறுபடியும் எங்கள் பக்கம் வந்தன. வரப்பின் மேல் ஏறி, தடம் தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டேன். முன்னால் வந்த அந்த இளைஞர் ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை.

"ஓரமா நில்லுங்கண்ணே, பின்னால ஆளுங்க வர்றாங்க."

"எல்லா நிலத்துலயும் ஓடும்னு சொன்னீங்கள்ல தம்பி? யாரு நிலத்துல வேணாலும் ஓடும்னா சொன்னீங்க?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பின்னால் வண்டியில் இருந்த பெண், "அப்ப இது ட்ராக் இல்லையா?" என்று கேட்டார். வண்டிகள் திரும்பின. மறுநாள் அவர்களே எல்லையில் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அறுவடையில், தடம் போன இடத்தில் பிழைத்து நின்ற செடிகளைப் பிடுங்கினால் காயில்லாமல் வெறும் வேர்தான் வந்தது. ஒரு கட்டு எடுத்துப்போய் அந்த இளைஞருடைய வண்டியின் சீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.