நிப்பாணியில் நமக்கு யாரும் இல்லை

மும்பையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்கள் இரவு தங்க ஊர் தேடும்போது நல்ல அறை, நல்ல சாப்பாடு, வண்டி நிறுத்த இடம் என்று பார்ப்பார்கள். நான் தேடியது எங்கள் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத ஊர்.

கேட்டது அக்கா. கனடாவில் ஆறு வருடம் இருந்தவள், கணவரை விட்டுப் பிரிந்து மூன்று பெட்டிகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை சேர வேண்டும். நடுவில் ஒரு விமானம் மாறி, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கப் பறந்து, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மும்பையில் இறங்குவாள். திலக் நகர் வீட்டுக்கு வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நான் காரணம் கேட்கவில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறுவதற்குள் ஐந்து கதவாவது திறக்கும். ஐந்தும் எங்கள் ஊர்க்காரர்கள்.

“ஏர்போர்ட்டுல இருந்து அப்படியே பெங்களூர் போயிருவோம்” என்றாள் போனில். “நடுவுல ஒரு நைட்டு தங்கலாம். யாரும் எதுவும் கேக்காத இடமா பாருட்டி. ஒரே ஒரு நைட்டு போதும்.”

இன்னொரு விமானம் பிடித்திருக்கலாம்தான். ஆனால் அம்மா புது வீட்டுக்கென்று மிக்ஸி, குக்கர், இரண்டு மெத்தை, ஒரு மாதத்துக்கு வேண்டிய பொடி வகைகள் எல்லாம் கட்டி வைத்துவிட்டாள். கார்தான் சரி. நானும் அப்பாவும் மாற்றி மாற்றி ஓட்டுவது, அம்மா அடுத்த வாரம் ரயிலில் வருவது என்று முடிவானது.

நான் அம்பர்நாத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பராமரிப்புத் திட்டம் போடும் வேலையில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்துவோம். எந்த வால்வை எந்த மணிக்கு யார் கழற்றுவது, கழற்றியது பழுதாக இருந்தால் மாற்று எங்கே இருக்கிறது என்பதெல்லாம் என் அட்டவணையில் இருக்கும். எனவே அக்கா போனை வைத்ததும் மடிக்கணினியில் ஒரு அட்டவணைத் தாள் திறந்தேன். ஊர், விமான நிலையத்திலிருந்து தூரம், போய்ச் சேரும் நேரம் என்று பத்தி போட்டேன். கடைசிப் பத்திக்கு ‘நம்மவர்கள்’ என்று தலைப்பு வைத்தேன்.

அந்தப் பத்திதான் நிறைந்துகொண்டே போனது. பன்வேலில் அம்மாவின் சித்தி மகள். புனேயில் இரண்டு மாமாக்கள். ஒருவருக்குத் தெரிந்தால் மற்றவருக்கும் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சண்டை. சத்தாராவில் அப்பாவின் கடையில் முன்பு வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாக நொறுக்குத்தீனிக் கடை வைத்திருக்கிறார். கராட் காலியாக இருந்தது. அப்பா யோசித்து ஒருவரை நினைவுக்குக் கொண்டுவந்தார். கோலாப்பூரில் அப்பாவின் பெரியப்பா மகன், இட்லி மாவு வியாபாரம். பெலகாவியில் அத்தை.

மற்றவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவளே அவள்தான். பையன் அவள் கணவர் வழியில் சொந்தம். பிரிந்த விஷயத்தை நாங்கள் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. ‘அடுத்த வாரம் சொல்லுவோம்’ என்று அப்பா நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோலாப்பூரைத் தாண்டி, பெலகாவிக்கு முன்னால், நெடுஞ்சாலை மேலேயே நிப்பாணி இருந்தது. கணக்குப்படி மாலை ஐந்தரைக்குப் போய்விடலாம். விமானத்திலிருந்து இறங்கியவளை அதற்கு மேல் உட்கார வைக்க முடியாது. கடைசிப் பத்தி காலி. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை நெடுநேரம் பார்த்தார்.

“நிப்பாணில நமக்கு யாரும் இல்லயே” என்றார்.

“அதாம்பா வேணும்.”

“யாருமே இல்லாத ஊருல எப்படிட்டி தங்குறது?”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்பது வருடமாகத் தாராவியில் பாலித்தீன் கவர் வியாபாரம் செய்கிறார். பாதி இந்தியாவுக்குச் சரக்கு அனுப்புகிறார். ஒருமுறைகூட விடுதியில் தங்கியதில்லை. எங்கே போனாலும் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு பாய் இருக்கும். விடுதி என்பது அவரைப் பொறுத்தவரை யாரும் கூப்பிடாதவர்கள் படுக்கிற இடம். பெண்பிள்ளைகளோடு போகிற இடமும் அல்ல.

நெடுஞ்சாலையோரம் ஒரு லாட்ஜைப் பிடித்தேன். போனில் நான் கேட்டவை: அறை சாலைப் பக்கமா பின்பக்கமா, திரைச்சீலை வெளிச்சத்தை முழுக்க மறைக்குமா, வெந்நீர் எத்தனை மணி வரை, பக்கத்தில் கல்யாண மண்டபம் உண்டா, அன்றைக்கு முகூர்த்தம் உண்டா. எடுத்தவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “மேடம், நீங்க தங்க வர்றீங்களா, ரெய்டுக்கு வர்றீங்களா?” என்று இந்தியில் கேட்டார். இரண்டு அறை பதிவு செய்தேன். வழியில் யாராவது எதிர்ப்பட்டால் சொல்ல ஐந்து பதில்களும் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். ‘அவர் வரலையா?’ என்றால் ‘லீவு கிடைக்கல’ என்பது போல. ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது.

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் அக்கா வெளியே வந்தபோது எட்டே கால். முகம் வீங்கியிருந்தது. அம்மா அவள் தலையை இரண்டு முறை தடவிவிட்டு, எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். தான் கூட இருந்தால் ஏதாவது கேட்டுவிடுவோமோ என்று பயந்ததாகப் பிறகு சொன்னாள். அக்கா பின்சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் சுருண்டுகொண்டாள். வாஷி பாலம் ஏறும்போதே தூங்கிவிட்டாள்.

சத்தாரா வரை அப்பா ஓட்டினார். அங்கே சாப்பிட்டுவிட்டு நான் வண்டியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். மறுபடி அடித்தது. மறுபடியும்.

“யாருப்பா?”

“எங்க அக்கா. பெலகாவி.” பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “நான் நம்ம விசயம் ஒண்ணுஞ் சொல்லலட்டி. அத்தான்ட்ட அந்த லாட்ஜு எப்படின்னு மட்டுந்தான் கேட்டேன். அவரு நிப்பாணி கடைகளுக்குச் சரக்கு போடுதாருல்லா, அவருக்குத் தெரியும்னு.”

“எப்போ?”

“நேத்து. நமக்குன்னு சொல்லல. யாரோ பார்ட்டி நாளைக்குத் தங்குறாங்கன்னுதான் சொன்னேன்.”

“என்ன பார்ட்டின்னு சொன்னீங்க?”

அப்பா சாலையைப் பார்த்தார். “வயசானவரு ஒருத்தரு, ரெண்டு பொம்பளப் புள்ளைகன்னு.”

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத லாட்ஜைப் பற்றி முன்பின் தெரியாத நூறு பேர் இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்து நான் நம்பினேன். அப்பாவால் அது முடியாது. தெரிந்தவர் ஒருவர் ‘நல்ல லாட்ஜுதான்’ என்று சொன்னால்தான் அது அவருக்கு லாட்ஜ். என் தாளில் இதற்குப் பத்தி போட்டிருக்கவில்லை.

இடத்தை மாற்றலாமா என்று யோசித்தேன். முன்னால் கராட், கோலாப்பூர், இரண்டிலும் ஆட்கள். மாற்றினால் ஏன் என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். அப்பா செய்ததையும் சொல்ல வேண்டும். எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்கள் வந்துவிடவா போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவை எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தவறு.

நிப்பாணி லாட்ஜ் வாசலில் வண்டியைத் திருப்பியபோது ஐந்து நாற்பது. அத்தை வீட்டு மாமாவின் சரக்கு டெம்போ நின்றது. அதன் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள், காலடியில் நான்கு அடுக்குக் கேரியரோடு. மாமா பக்கத்தில் நின்று லாட்ஜின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்பா இறங்குவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். “ஏல, எங்க வீட்டுல பாய் தலகாணி இல்லன்னு ஒனக்கு எவம்ல சொன்னான்?”

“இல்லக்கா, புள்ள டயர்டா இருந்தா…”

“டயர்டா இருந்தா லாட்ஜுலயா கொண்டு படுக்கப் போடுவ? நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“நீ சொல்லாட்டா நாலு பேருக்குத் தெரியாது” என்றார் மாமா.

“நீங்க சும்மா கெடங்க.”

கார்க் கதவு திறந்தது. அக்கா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதலில் அத்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தரையைப் பார்த்தேன்.

“மாப்ள எங்கட்டி?” என்றாள் அத்தை.

“அவருக்கு லீவு கிடைக்கல அத்தை, ஆபீஸ்ல…” என்று நான் என் முதல் பதிலை எடுத்தேன்.

“ஒன்ட்ட நான் கேக்கல.”

“நான் விட்டுட்டு வந்துட்டேன் அத்தை” என்றாள் அக்கா. “இனிமே போகமாட்டேன்.”

இதற்குள் எழுந்து நின்றிருந்த அத்தை மறுபடி உட்கார்ந்தாள்.

“அடிச்சானா?”

“இல்ல.”

“குடியா?”

“இல்ல.”

“வேற எவளும் இருக்காளா?”

“இல்ல அத்தை.”

“பின்ன?”

“பேசமாட்டாரு. ரெண்டு வருசமா. அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டு பால் வாங்கணும்னு மெசேஜ் போடுவாரு. நான் போய் எதிர்ல நின்னு பேசினா, பதில் போன்ல வரும்.”

“இதுக்கா?” அத்தைக்கு உண்மையாகவே புரியவில்லை. மாமாவைக் கையால் காட்டினாள். “இவிய முப்பத்தஞ்சு வருசமா எங்கிட்ட என்னத்தப் பேசிட்டாவ?”

“எடம் விட்டாத்தான பேசுவேன்” என்றார் மாமா.

அப்பா தன்னை அறியாமல் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. நின்றபடியே அவள் கண்கள் மூடி மூடித் திறந்தன.

“சரி, மேல வா” என்று அத்தை கேரியரைத் தூக்கினாள். “மொதல்ல இருந்து சொல்லு. நானும் ஒங்கூடவே படுத்துக்கிடுதேன். விடிய விடிய ஆனாலும் பேசித் தீப்போம். அதுக்கு முன்னால மாப்ளயோட அம்மைக்கு ஒரு போனப் போடுதேன்.” கேரியரைக் கீழே வைத்துவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

“அக்கா, போன உள்ள வை” என்றார் அப்பா.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ வீட்டுக்குப் போ. அவ தூங்கட்டும்.”

அத்தை என்ன சொன்னாலும் ‘சரிக்கா’ என்பதைத் தவிர வேறொரு பதில் அப்பா வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கடை வைத்த இடம், எங்கள் பெயர்கள், அக்காவின் கல்யாணம் எல்லாமே ‘சரிக்கா’வில் நடந்தவை. இப்போது சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி பையிலேயே வைத்தார். வேறு அசைவில்லை.

“என்னயவா போவச் சொல்லுத?”

“ஆமாக்கா.”

“லாட்ஜு வாசல்ல வச்சி?”

“ஆமா.”

மாமா போய் டெம்போவைக் கிளப்பினார். அத்தை ஏறுவதற்கு முன் திரும்பி வந்து கேரியரையும் எடுத்துக்கொண்டாள். “இதத் திருப்பித் தர எங்க வீட்டுக்கு வரவா போறீய?”

டெம்போ சாலையில் ஏறும் வரை அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டிகளை இறக்கினார்.

அக்கா முகம்கூடக் கழுவாமல் படுத்தாள். நானும் அப்பாவும் கீழே சாப்பிடப் போனோம். வந்த தயிர்ச் சாதத்தை அவர் பிசைந்துகொண்டே இருந்தார். “லாட்ஜு நல்லாத்தான் இருக்கு” என்றார் ஒருமுறை. அதற்குப் பிறகு, அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது, மதியம் சாப்பிடாமல் கிளம்பி வந்திருப்பாள் என்றார். வேண்டுமென்றால் போன் பண்ணுங்கள் என்றேன். “இன்னைக்குப் பண்ணினா மன்னிப்பு கேட்டுருவேன். வேண்டாம்” என்றார்.

காலை ஆறரைக்குக் கிளம்புவது திட்டம். அக்கா எழுந்தது எட்டே முக்காலுக்கு. பதினைந்து மணி நேரம். நாங்கள் இருவரும் எழுப்பவில்லை. வெந்நீர் பத்து மணி வரை உண்டு என்று கேட்டு வைத்திருந்தது உதவியது. நான் அவளிடம், அப்பா மாமாவிடம் லாட்ஜைப் பற்றிக் கேட்டது சத்தாரா தாண்டியதுமே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே, “ஒன் மூஞ்சிலேயே தெரிஞ்சுது” என்றாள். அன்றைக்கு மதியம் வரை என்னிடம் கொஞ்சம் குறைவாகத்தான் பேசினாள்.

அவளுக்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டு அப்பா பின்னால் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். பெலகாவி ஊருக்குள் பிரியும் இடம் வந்தபோது நான் வேகத்தைக் குறைத்தேன்.

“அத்தை வீடு எந்தப் பக்கம்பா?” என்றாள் அக்கா.

அப்பா கையைக் காட்டினார்.

அவள் அந்தத் திசையைப் பார்த்தாள். “இன்னைக்கு வேணாம். நேரா போ” என்றாள் என்னிடம். போனேன்.

ஹாவேரி தாண்டியதும் அப்பாவின் போனைக் கேட்டு வாங்கினாள். அவளே எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் உடனே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

“நான்தான் அத்தை… தூங்கினேன்… ஆமா, சாப்பிட்டேன்… இல்ல, அப்பா பின்னால இருக்காரு… மாத்திரை போட்டீங்களா?”

பிறகு நெடுநேரம் அத்தையே பேசினாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு முறை ‘இல்ல’ என்றாள். ஒருமுறை, “அவரோட அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன், நீங்க பேசாதீங்க” என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை.

“ஐயோ அத்தை, அழாதீங்க. ஒங்க மேல தப்பில்ல.” கொஞ்சம் நிறுத்தினாள். “சரி, கொஞ்சம் இருக்கு.”

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா போனை வைக்கவில்லை, மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன். அப்பா மிக்ஸிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடியிருந்தார். தூங்கவில்லை.